சொட்டு விழுந்த இடம்

ஒழுக்கு நின்று ஐந்து மாதம் ஆகிறது. ஆனாலும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் குனிந்து அடியில் பார்க்கிற பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. போர்ட்டிகோவின் சிவப்புத் தரையில், முன்சக்கரத்துக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் இருக்கிறது. முன்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. சோப்பு, வினிகர், கடைசியில் கழிவறைக்கு வாங்கிய ஆசிட் என்று ஒவ்வொன்றாகப் போட்டுத் தேய்த்ததில் வெள்ளை போயிற்று, வட்டம் போகவில்லை. என் மேஜைமேல், பேனாக்கள் நிற்கும் டம்ளருக்குப் பக்கத்தில், அந்த வட்டத்துக்குக் காரணமான பொருள் கிடக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. கிண்ணிபோலக் குழிந்த மெல்லிய இரும்புத் தகடு. விளிம்பை ஒட்டி ஓரிடத்தில் துரு உதிர்ந்து, குண்டூசி நுனிகூடச் சரியாக நுழையாத ஓட்டை. வருகிறவர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு என்ன இது என்று கேட்பார்கள். இதுதான் காரணம் என்பேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் பாதிப் பொய் சொன்னவனின் கூச்சம் வருகிறது. பொய் எந்தப் பாதியில் இருக்கிறது என்று தெரியாததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வண்டி 1998-ல் வாங்கியது. கம்பெனிப் பெயர் வேண்டாம். கால் நூற்றாண்டு ஓடிய வண்டியில் வந்த கோளாறுக்குச் செய்தவனைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அப்பா பஞ்சாலையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில், எங்கள் தெருவிலேயே இரண்டாவதாக வந்த கார். போன வருடம் ஆடி மாதத்தில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. ரேடியேட்டர் பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் மேல்கோடு, கீழ்க்கோடு என்று இரண்டு கோடுகள் உண்டு. மேல்கோட்டில் இருந்தது வாரத்தில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிடும். கோயம்புத்தூர் மெக்கானிக்குகள் இதை 'வண்டி தண்ணி குடிக்குது' என்பார்கள். தன்னிடமிருப்பதை இழந்துகொண்டிருக்கும் ஒன்றைக் குடிப்பதாகச் சொல்வது வினோதம்தான். வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வந்தாலும் வீடு ஒழுகுகிறது என்கிறோம், குடத்திலிருந்து தண்ணீர் போனாலும் குடம் ஒழுகுகிறது என்கிறோம். வருவதும் போவதும் ஒரே வினைதான். மனிதன் நடந்துகொள்ளும் விதத்துக்கும் அதே சொல், ஒழுகுவது. ஒழுக்கும் ஒழுக்கமும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. டார்ச்சோடு தரையில் மல்லாந்து கிடந்தபோதுதான் அது எனக்குப் புரிந்தது.

முதலில் ஏசித் தண்ணீர் என்று நினைத்தேன். ஏசி போட்டு வந்தால் அடியில் சொட்டத்தான் செய்யும். அது வெறும் நீர், காய்ந்தால் தடம் இராது. இது காய்ந்த இடத்தில் வெள்ளை பூத்தது. அதுவும் தினமும் இல்லை. மூன்று நாள் தரை காய்ந்திருக்கும், நான்காம் நாள் காலையில் ஈரமில்லாத ஒரு புது வட்டம் பழைய வட்டத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். பழைய செய்தித்தாளை விரித்துவைத்தேன். காலையில் தாள் காய்ந்துதான் இருந்தது, ஆனால் அப்பளம்போல் நெளிந்திருந்தது. எதுவோ விழுந்து, உலர்ந்து, போயிருக்கிறது. அப்பா காலையில் காபியோடு வந்து நின்று, நெளிந்த தாளைக் கைத்தடியால் புரட்டிப் பார்ப்பார். எண்பத்தைந்து வயதில் ஓட்டுவதை நிறுத்திவிட்டாலும், ஞாயிற்றுக்கிழமை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ரேடியேட்டரைத் திறந்து நிரப்புவதை மட்டும் அவர் விடவில்லை. வாங்கிய நாளிலிருந்து செய்துவரும் காரியம். ஒழுக ஆரம்பித்த பிறகு ஞாயிறு, புதன் என்று வாரத்துக்கு இரண்டு சொம்பு ஆயிற்று. அதில் அவருக்கு ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது என்று நினைக்கிறேன். திரும்பவும் அவரை நம்பி ஒரு ஜீவன் வந்ததுபோல.

முதலில் கொண்டுபோன பட்டறையில் ஒரு முறை இருந்தது. அதன் பெயர் 'மாத்திப் பாப்போம்'. ரேடியேட்டர் மூடி பழசு, மாற்றினார்கள். கீழ் ஹோஸ் உப்பியிருந்தது, மாற்றினார்கள். கிளிப்புகளை மாற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒழுக்கு ஐந்து நாளோ பத்து நாளோ நிற்கும், அல்லது நின்றதுபோல் இருக்கும். நிற்கிற நாட்களில் நானும் மாற்றிய பாகத்தைக் காரணம் என்று நம்பினேன். பழைய ஹோஸைக் கேட்டு வாங்கி வந்து அப்பாவிடம் காட்டி, பாருங்கள் இதுதான் என்றுகூடச் சொன்னேன். அவரும் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். எல்லாப் பழைய பாகமும் குற்றவாளியின் முகத்தோடுதான் இருக்கிறது; அதுதான் சிக்கல். இருபத்தைந்து வயது ரப்பரைக் கையிலெடுத்தால் அது எதையும் ஒப்புக்கொள்ளும். நடுவில் எதிர்வீட்டு டிராவல்ஸ் டிரைவர் தம்பி, "அண்ணா, ரெண்டு ஸ்பூன் மஞ்சத்தூளப் போட்டு ஓட்டுங்க, அடச்சுக்கும்" என்றான். மலைப்பாதை டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. சமையலறை மஞ்சளை ரேடியேட்டரில் கொட்டினேன். பத்தொன்பது நாள் சொட்டுகூட இல்லை. என் வாழ்வில் அவ்வளவு மலிவாக நிம்மதி வாங்கியதில்லை. இருபதாம் நாள் வட்டம் மஞ்சள் நிறத்தில் வந்தது.

அந்த மூடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்தவற்றில் மிக நுட்பமான வேலையை அதுதான் செய்திருக்கிறது. பார்க்க ஊறுகாய்ப் பாட்டில் மூடி. ஆனால் அடியில் ஒரு ஸ்பிரிங்கும் இரண்டு வால்வும் உண்டு. தலையில் 0.9 என்று பொறித்திருக்கும். உள்ளே அழுத்தம் அந்த அளவுக்கு ஏறும்வரை மூடி விடாது; தாண்டினால் ஸ்பிரிங் மேலெழுந்து தண்ணீரை டப்பாவுக்கு அனுப்பும்; எஞ்சின் ஆறும்போது மற்ற வால்வு அதே தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 118 வரை தாங்கும். பிரஷர் குக்கரின் தத்துவம்தான், நோக்கம் நேரெதிர். குக்கரில் வேகவைப்பதற்கு, இங்கே வெந்துபோகாமல் இருப்பதற்கு. என் பழைய மூடியின் ஸ்பிரிங் பல வருடங்களுக்கு முன்பே தளர்ந்துவிட்டதாம். 0.9 இருக்க வேண்டிய இடத்தில் பாதிகூட நின்றிருக்காது. அந்தத் தளர்ச்சியால்தான், எங்கோ ஓரிடத்தில் தாள்போல் மெலிந்துகொண்டிருந்த தகடு கிழியாமல் தப்பித்துவந்திருக்கிறது. நாங்கள் புது மூடி போட்டோம். சரியான மூடி, சரியான அழுத்தம். அதன் பிறகுதான் வாரத்துக்கு அரை லிட்டர் ஒரு லிட்டரானது. ஒரு கோளாறு இன்னொரு கோளாறைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றைச் சரிசெய்து மற்றதைப் பெரிதாக்கினோம். பழைய கூட்டுக்குடும்பங்களில் இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் திக்குவாய் மாமா ஒருவர் போய்ச் சேர்ந்த பிறகுதான், அவரைச் சாக்காக வைத்து ஒருவரோடொருவர் பேசாமலிருந்த இருவர் எதற்குப் பேசாமலிருந்தார்கள் என்பது வெளியே வந்தது.

மூடிக்கும் ஹோஸுக்கும் பிறகு வாட்டர் பம்ப். அதன் உடம்பில் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை இருக்கும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே வைப்பது. உள்ளேயிருக்கும் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போய்க் கெடுக்காமல் அந்தத் துளை வழியே சொட்டி, பம்பின் காலம் முடிந்தது என்று அறிவித்துவிடும். தன் குறையைத் தானே சொல்வதற்கென்று வழி வைத்துச் செய்யப்பட்ட பாகம் எஞ்சினில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். என் பம்பின் துளை காய்ந்து, தூசியடைந்து, பரிசுத்தமாக இருந்தது. பட்டறைக்காரருக்கு அது சமாதானமாகவில்லை. பம்பையும் மாற்றினார். அதற்குப் பிறகும் சொட்டியபோது கையைத் துடைத்துக்கொண்டு, இனி ஹெட்டைக் கழட்ட வேண்டியதுதான் என்றார். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் நிறத்துக்கு வரும், சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும், மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டரில் குமிழ் கிளம்பும். மூன்றும் இல்லை. கேஸ்கட் ஓரத்தில் வெளிப்பக்கமாகக்கூட ஒழுகலாம் என்றார் அவர். ஒழுகலாம்தான். அவர் பொய் சொல்லவில்லை. தெரியாததை ஒப்புக்கொள்வதைவிடப் பெரிய பாகமாகப் பார்த்துக் கழட்டுவது அவருக்குக் கௌரவமாகப் பட்டது, அவ்வளவே. இரண்டு நாள் யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

கோயம்புத்தூரிலேயே கணபதிப் பக்கம் தகரக் கொட்டகைக்குள் தனியாக வேலை பார்க்கும் ஒருவரை ஒரு நண்பர் சொன்னார். போர்டு கிடையாது. அறுபது வயதிருக்கும். மெக்கானிக் ஆவதற்கு முன் பதினோரு வருடம் அங்கேயே ஒரு பவுண்டரியில் இருந்தவர். நான் நடந்ததை எல்லாம் வரிசையாகச் சொல்லி, மாற்றிய பாகங்களின் பில்லைக்கூட நீட்டினேன். பில்லை வாங்கவில்லை. "ஏனுங்க சார், எப்பச் சொட்டுதுங்க?" என்றார். முன்பக்கம், சக்கரத்துக்கு உள்ளே, என்று ஆரம்பித்தேன். "எங்கீங்கன்னு கேக்கலீங்க. எப்பங்க?" என்றார் திரும்பவும். எனக்குப் பதில் தெரியவில்லை. நான்கு மாதமாக நானும் மற்றவர்களும் எங்கே, எங்கே என்றுதான் தேடியிருக்கிறோம். சொட்டு விழுந்த இடம் தண்ணீர் கசிகிற இடமாக இருப்பது அபூர்வம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அது ஹோஸின் வயிற்றோடு ஒட்டி ஓடும், கியர் பாக்ஸின் தோளில் ஏறி இறங்கும், குறுக்குச் சட்டத்தின் விளிம்பில் இரண்டடி நடந்து, இனிப் போக வழியில்லை என்கிற இடத்தில் விழும். அது தெரிந்தும் இடத்தையே பிடித்துத் தொங்கினோம். வண்டியோடு வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி முழித்திருந்து பார்த்துவிட்டு வரச் சொன்னார் அவர். காசு வாங்கவில்லை. வைத்தியனிடம் போனவனை, போய் உன் நோயைப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பியதுபோல் இருந்தது.

அன்றிரவு அவிநாசி ரோட்டு நெரிசலில் ஊர்ந்து வந்து 8.45-க்கு வண்டியை நிறுத்தினேன். தாளை விரித்து, பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். சூடான எஞ்சினுக்கு அடியில் ஒரு வாசனை உண்டு: வெந்த ரப்பர், பழைய ஆயில், ரோட்டுப் புழுதி, இவற்றோடு ஏதோ சாதம் அடிப்பிடித்த வாசனையும். நிறுத்திய சில நிமிடங்களில் டிக், டிக்கென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரும்பும் அலுமினியமும் தத்தம் வேகத்தில் சுருங்குகிற சத்தம். முதலில் நெருக்கமாக, பிறகு இடைவெளி விட்டு, பேச்சு ஓய்கிற திண்ணைபோல. அரை மணி நேரம் ஒன்றுமில்லை. கண் செருகும்போது தாளில் 'தப்'பென்று ஒரு சத்தம். 9.20. டார்ச் அடித்தேன். கியர் பாக்ஸின் அடியில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது. மெல்லப் பருத்து, நுனியில் டார்ச் வெளிச்சத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு, நடுங்கி, விழுந்தது. நாற்பது வினாடிக்கு ஒன்று. பத்து மணிக்கு இருபது வினாடிக்கு ஒன்று. பத்தரைக்கு மேல் தளர்ந்தது. பதினொன்றுக்குக் கடைசிச் சொட்டு திரண்டு, விழ மனமில்லாமல் அங்கேயே தொங்கியது. காலையில் பார்த்தபோது அந்த இடத்தில் ஓர் உப்புப் புள்ளி. அப்பா நடுவில் ஒருமுறை கதவைத் திறந்து, "இன்னுமா கண்ணு படுக்கல?" என்று கேட்டுவிட்டுப் போனார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு ஒரே பொருளை இரண்டு மணி நேரம் இமைக்காமல் பார்த்தேன். அந்த ராத்திரி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் போய் நேரத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். வண்டி ஓடும்போதும் கசியத்தான் செய்கிறது, ஆனால் கொதிக்கிற இரும்பின்மேல் கசிந்த தண்ணீர் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர்போல அங்கேயே ஆவியாகிவிடும். நிறுத்திய பிறகு எஞ்சின் கொஞ்சம் ஆறினால்தான் சொட்டுக்கு உயிரோடு கீழே வந்துசேர வழி. முழுவதும் ஆறிவிட்டாலோ உள்ளே அழுத்தமில்லை, தள்ளுவதற்கு ஆளில்லை. ஆக நிறுத்தி அரை மணியிலிருந்து இரண்டேகால் மணி வரைக்கும்தான் அந்த ஒழுக்கு கண்ணுக்குத் தெரியும். ஓட்டிவந்த சூட்டோடு பட்டறையில் பார்த்தார்கள், இல்லை. ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் பார்த்தார்கள், இல்லை. இரண்டு முறையும் அவர்கள் பார்த்தது உண்மை. அவர் சொல்லாமலேயே எனக்கு இன்னொன்றும் தோன்றியது: ஆவியாகிற இடம் நல்ல சூடான இடமாக இருக்க வேண்டும். ஹோஸோ ரேடியேட்டரோ இல்லை, எஞ்சின் பிளாக். அதைச் சொன்னதும், "அப்படி வாங்க" என்று ஸ்பேனரை எடுத்தார்.

அன்று அவர் செய்த காரியத்தைச் சாகும்வரை மறக்க மாட்டேன். எஞ்சினின் பின்பக்கத்தை, ஃபயர்வாலைப் பார்த்திருக்கும் கண்ணுக்கெட்டாத பக்கத்தை, மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். குழந்தைகளுக்குப் போடும் பவுடர். உள்ளங்கையில் கொட்டி, வாயருகே கொண்டுபோய், இடுக்குக்குள் ஊதினார். கறுத்த இரும்பு முழுக்க வெள்ளை பூசிக்கொண்டது. கொட்டகையெல்லாம் குளித்துவிட்டு வந்த குழந்தையின் வாசனை. ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் ஒன்றை மாட்டி, மீட்டர் முள் மூடியில் பொறித்திருந்த 0.9-க்கு வரும்வரை அடித்தார். "டீ சாப்புட்டு வரலாமுங்க" என்றார். திரும்பி வந்தபோது முள் கொஞ்சம் இறங்கியிருந்தது. புல்லட்டிலிருந்து கழன்ற கண்ணாடி ஒன்றைக் கம்பியில் கட்டிவைத்திருந்தார். அதை உள்ளே விட்டு, டார்ச்சை அதன்மேல் அடித்து, என்னைக் குனியச் சொன்னார். கண்ணாடியில் வெள்ளைப் பரப்பு தெரிந்தது. அதில் ஓரிடத்தில், ஒரு வட்டத் தகட்டின் விளிம்பிலிருந்து, கண்ணீர்க்கோடு இறங்கிய கன்னம்போல் ஒற்றைச் சாம்பல் கோடு. நாங்கள் பார்க்கப் பார்க்க அது ஒரு விரற்கடை நீண்டது.

அதற்கு கோர் பிளக் என்று பெயர். சிலர் ஃப்ரீஸ் பிளக் என்பார்கள். குளிர் நாடுகளில் உள்ளே தண்ணீர் உறைந்து விரிந்தால் பிளாக் வெடிக்காமல் இது தெறித்துக் காப்பாற்றும் என்று ஒரு நம்பிக்கை. எப்போதாவது அப்படி நடக்கலாம், ஆனால் அதற்காக வைத்ததில்லை. பவுண்டரியில் இருந்தவராதலால் அவர் அதை வேறு மாதிரிச் சொன்னார். இரும்பை வார்க்கும்போது உள்ளே தண்ணீர் ஓடும் பாதை வேண்டுமென்றால் அந்தப் பாதையின் வடிவத்தில் மணலால் ஒரு கோர் செய்து அச்சுக்குள் நிறுத்துவார்கள். அதைச் சுற்றி இரும்பை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு உள்ளே சிக்கிய மணலை வெளியே எடுக்க வழி வேண்டும். அந்த வழிகள்தான் இந்த ஓட்டைகள். மணல் போன பிறகு ஒவ்வொன்றையும் மெல்லிய தகட்டுக் கிண்ணியால் அடித்து மூடிவிடுவார்கள். "எஞ்சினு பொறக்கறப்பவே ஓட்டையோடதான் பொறக்குதுங்க சார். நாமதான் மூடி விக்கறோம்" என்றார். இத்தனை நாளாக நான் தேடியது எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஓர் ஓட்டையை. அது முதல் நாளிலிருந்தே அங்கு இருந்திருக்கிறது. காலம் அதைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

தகட்டை உளியால் ஓரத்தில் தட்டிச் சாய்த்து, குறடால் இழுத்தார். பின்னாலேயே தண்ணீர் பீறிட்டது. தண்ணீர் என்று சொல்வது உபசாரம். வற்றிய குளத்தின் அடிச்சேறு, செம்பழுப்பில்; நடுநடுவே மஞ்சள் திப்பிகள், என் மஞ்சள்தூள். விரலை உள்ளே விட்டுத் தடவி எடுத்துக் காட்டினார். அரிசி அரிசியாய் வெள்ளைக் கல். "எந்தத் தண்ணிங்க ஊத்துனீங்க, உப்புத் தண்ணியா?" எங்கள் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர். நல்ல தண்ணி என்பது சிறுவாணி ஆற்றுத் தண்ணீர். அது வருகிற நாளைக் கணக்கு வைத்துப் பிடிக்க வேண்டும். உப்புத் தண்ணி போர் தண்ணீர். குளிக்க, துவைக்க, கழுவ. குளியலறையில் வெந்நீர்க் கம்பியின்மேல் மாவு பிடித்ததுபோல் வெள்ளையாகப் படிந்து கம்பியை வருடத்துக்கொருமுறை தின்றுவிடும். அந்தத் தண்ணீரைத்தான் அப்பா கால் நூற்றாண்டாக, ஞாயிறு தவறாமல், சொம்பு சொம்பாக எஞ்சினுக்குள் ஊற்றியிருக்கிறார். கூலன்ட் ஊற்றச் சொன்னபோதெல்லாம், "நம்மூர்ல என்ன பனியா பெய்யுது?" என்று கேட்டுவிடுவார். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான், கொதிநிலையை ஏற்றுவதும் துருப்பிடிக்காமல் தடுப்பதும் மற்ற வேலைகள் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது. பாதி கூலன்ட், பாதி பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீரே ஆகாது, நல்லதோ உப்போ.

இங்கேதான் என் கூச்சம் ஆரம்பிக்கிறது. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் குடத்தை வைத்து மூன்று காரணம் சொல்வார்கள். மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். குடம் உண்டானதற்கு இந்தக் கணக்கு அழகாகப் பொருந்துகிறது. குடம் ஒழுகுவதற்கு எப்படிப் பிரிப்பது? ஓட்டை ஒரு பொருளே இல்லை. இரும்பு இல்லாத இடம். இல்லாததற்கு எது முதற்காரணம்? தகடு மெலிசு என்பதா, உப்பா, துணையாய் வந்த புது மூடியா? நிமித்தமாக நின்றவர் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால், சொம்போடு குனிந்து நிற்கும் என் அப்பாவைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. வண்டியைத் தினமும் துடைத்தவர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டையூசி வளைவுகளிலும் பாதியில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, ஈரத்துண்டு போட்டு ஆறவைத்து, அவசரப்படாமல் ஏற்றியவர். அவர் குறைவாகக் கவனித்திருந்தால், தண்ணீர் அவ்வளவாகக் குறையாத வண்டியை வாராவாரம் திறந்து நிரப்பாமல் விட்டிருந்தால், புது உப்பு உள்ளே போயிருக்காது. தகடு இன்னும் பத்து வருடம் இருந்திருக்கலாம். இதை யோசித்து முடித்ததும் இதற்கு எதிரானதும் உடனே வருகிறது: அடுத்த தெருவில் இதே வருடத்து வண்டி, அதே போர் தண்ணீர், இன்றும் ஒழுகாமல் ஓடுகிறது. அப்போது உப்பு எப்படிக் காரணமாகும்? அதுவுமில்லாமல், குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற வீட்டில் சிறுவாணியைக் காருக்கு ஊற்றுவது அப்பாவுக்குத் தோன்றக்கூடிய காரியமா? ஊற்றியிருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். பிளக்கிலிருந்து உப்புக்கு, உப்பிலிருந்து அப்பாவுக்கு, அப்பாவிலிருந்து ஊரின் குழாய்க்கு என்று கை நீண்டுகொண்டே போகிறது. எங்கே நிறுத்தினாலும் அந்த இடம் காரணமாகிவிடுகிறது. மெக்கானிக் பிளக்கோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு அது போதும், ஏனென்றால் அவர் அதை மாற்ற முடியும். எனக்கு அது போதவில்லை என்பது அறிவா, வேலையில்லாதவனின் வியாதியா என்று தெரியவில்லை.

புது பிளக்கைப் பித்தளையில் போட்டார். "இது காலத்துக்கும் இருக்குமுங்க" என்றார். அப்படியானால் அடுத்ததாக எது போகும் என்று கேட்டேன். மற்ற பிளக்குகளும் அதே தண்ணீரில்தானே ஊறியிருக்கின்றன. கையைத் துடைத்தபடி, "எல்லாத்தையும் இன்னைக்கே மாத்திரலாமுங்க, சொன்னீங்கன்னா" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் மாற்றினோம். மற்றவையும் மெலிந்துதான் இருந்தன, ஒன்றுகூட ஓட்டையாகவில்லை. உள்ளே தெளிந்த தண்ணீர் வரும்வரை மூன்றுமுறை அலசி, பச்சைக் கூலன்டை ஊற்றினார். அது நாக்குக்கு இனிக்குமாம், ஆனால் விஷம். நாய் பூனை நக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன கண்ணு, எதுனாலயாம்?" என்றார். பழைய பிளக் சட்டைப் பையில் இருந்தது. "பிளக்கு பழசாயிடுச்சுங்கப்பா" என்றேன். எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். "இத்தனூண்டா?" என்றார். ரேடியேட்டரில் இனித் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பச்சையாக ஒன்று ஊற்றியிருக்கிறது, குறையவே குறையாது என்று மட்டும் சொன்னேன். சரி என்றார். இந்த ஐந்து மாதத்தில் டப்பாவில் மேல்கோட்டிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கொண்டுவந்த சொம்புத் தண்ணீரைப் போர்ட்டிகோ ஓரத்துச் செம்பருத்திக்கு ஊற்றிவிட்டுப் போகிறார்.